இரவல் குளிர்

கருமத்தம்பட்டி மெக்கானிக் பானட்டை முழுசாகக்கூடத் தூக்கவில்லை.
கம்ப்ரசர் போச்சுங்க, என்றானாம்.
இருபத்திரண்டாயிரம்.
சென்னியப்பன் தலையாட்டிவிட்டு வந்து சேர்ந்தார்.
தன் பங்காளியிடமிருந்து
என்னை ஒரு வார்த்தை கேட்காமல்
அவர் ஓட்டிக்கொண்டு வந்த கார்.
வந்து ஒன்பது நாள்.
ஒன்பது நாளாக வீட்டில் பேச்சு
தேவைக்கு மட்டும்தான்:
தண்ணி வந்துருச்சு.
கரண்டு போயிருச்சு.

நாளைக்குத் தாராபுரத்தில் சீர்.
கத்திரி வெயில், பட்டுச்சேலை,
கண்ணாடியை இறக்கினால் அனல்,
ஏற்றினால் இட்லிச்சட்டி.

எட்டுத் தறி ஓட்டுகிறவள் நான்.
காது பாதி போய்விட்டது.
ஆனாலும் எந்தத் தறியில் நாடா சுணங்குகிறதென்று
அடுப்படியில் நின்றே சொல்லிவிடுவேன்.
ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு.
சோமனூரே காதடைத்தாற்போலக் கிடக்க
பானட்டைத் தூக்கிக் கம்பி கொடுத்து நிறுத்தினேன்.

முதலில் கிடைத்தது பஞ்சு.
கண்டன்சரின் முகம் முழுக்க
சாம்பல் நிறக் கம்பளியாக அப்பியிருந்தது.
ராத்திரி மூக்குச் சிந்தினால் எனக்கு வருகிறதே,
அதே பஞ்சு.
பெயின்ட் பிரஷ்ஷால் நீவி
ஓஸைப் பாதி அடைத்து மெல்ல நனைத்தேன்,
தகட்டின் பொடிப்பல் மடங்கிவிடாதபடி.
கார் குளித்து முடித்தது.
காற்று மட்டும் அதே சூடு.

கேஸ் கசிந்திருக்குமோ?
சோப்புத்தண்ணி கரைத்து
குழாயின் மூட்டுக்கு மூட்டுத் தடவி
நுரை பூக்கிறதா என்று குனிந்து கிடந்தேன்.
எங்கும் பூக்கவில்லை.
ஃபியூஸைப் பிடுங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தேன்.
கம்பி முழுசாக இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது,
கேட்காமல் இருப்பது எது என்று.
ஏசி பட்டனைத் தட்டியதும்
ஒரு 'டக்' விழ வேண்டும்.
கிளச் போய் ஒட்டிக்கொள்ளும் சத்தம்.
என்ஜின் சித்த மூச்சைப் பிடித்து விட வேண்டும்.

என் காதுதான் ஏமாற்றுகிறதோ என்று நிமிர்ந்தால்
வாசப்படியில் நின்றிருந்தவர்
கூப்பிடாமலே வந்து சீட்டில் உட்கார்ந்தார்.
போடுங்க, என்றேன். போட்டார்.
நிறுத்துங்க. நிறுத்தினார்.
இன்னொருக்கா.
ஒன்பது நாளில் எங்களுடைய நீளமான பேச்சு
அதுதான்.

பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை இழுத்து
கம்ப்ரசர் பிளக்கில் நேராகத் தொட்டேன்.
டக்.
அவருக்கும் கேட்டுவிட்டது.
'இருபத்திரண்டாயிரம்'
என்றார், ஸ்டியரிங்கிடம்.

ஆள் உயிரோடுதான் இருக்கிறான்.
சேதிதான் போய்ச் சேரவில்லை.
நடுவில் எவனோ வாங்கி வைத்துக்கொண்டு
வாயைத் திறக்காமல் இருக்கிறான்.

ரிலே.
அச்சுவெல்லம் அளவுக்குக் கறுப்பு டப்பி.
பக்கத்திலேயே அதே அளவு, அதே நாலு கால்,
ஹாரனுக்கு உரியது.
அதைப் பிடுங்கி இதன் குழியில் செருகினேன்.
டக்.

முதலில் நனைந்த பாய் வாசம்.
அப்புறம் இளஞ்சூடு.
அப்புறம்,
கழுத்து வேர்வையில் விரல் வைத்தாற்போல,
குளிர்.
கதவைச் சாத்திக்கொண்டு
இரண்டு பேரும் முன்சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தோம்,
எங்கேயும் போகாத காரில்.
சந்தோசத்தில் அவர் ஹாரனை அமுக்கினார்.
ஒன்றுமில்லை.
மறுபடி அமுக்கினார்.
என்னைப் பார்த்தார்.
அடக்க முடியவில்லை எனக்கு.

'நாளைக்குப் பல்லடத்துல கடை தொறந்ததும்
ஒண்ணு வாங்கிக்கலாம்.'
'அதுவரைக்கும்?'
'கத்தாமத்தான் போகோணும்.'
'ஆடு குறுக்க வந்தா?'
'எறங்கிப் போயி நாஞ் சொல்றேன்,' என்றேன்.
'நீ சொன்னா ஆடு கேக்கும்,' என்றார்.
அதற்கு என்ன அர்த்தம் என்று
தாராபுரம் போய்ச் சேர்வதற்குள் கேட்க வேண்டும்.

எதிர்வீட்டு நாச்சம்மாள்
விளக்குமாறோடு ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினாள்.
'ஏனுங்கக்கா, காருக்கடியில
தண்ணி ஒழுகுதுங்கோ!'

ஒழுகட்டும் நாச்சம்மா.
ஒழுகட்டும்.